ரேடியாலஜி டெக்னாலஜி பட்டப்படிப்பு: கல்லூரியைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலைக்கான பட்டப்படிப்பைத் தமிழ்நாட்டில் இன்று ஏராளமான கல்லூரிகள் நடத்துகின்றன. விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். மூன்று ஆண்டுப் படிப்பு, ஓர் ஆண்டு இன்டர்ன்ஷிப், நூறு சதவீத வேலைவாய்ப்பு என்ற வாக்குறுதி. ஆனால் நான்கு ஆண்டு கழித்து வெளியே வரும் இரண்டு பேரை ஒரே சி.டி. கன்சோல் (இயந்திரத்தை இயக்கும் கணினி மேசை) முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். ஒருவர் விபத்தில் அடிபட்டு வந்தவரின் கழுத்தை அசைக்காமல் மேசைக்கு மாற்றி, அந்தப் பரிசோதனைக்குச் சரியான ப்ரோட்டோகாலை (இயந்திர அமைப்பை) தேர்ந்தெடுத்துப் படம் எடுத்து முடித்துவிடுவார். இன்னொருவர் எந்தப் பொத்தான் எதற்கு என்று தேடிக்கொண்டிருப்பார். இருவரிடமும் இருப்பது ஒரே பட்டம்தான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கல்லூரிக் கட்டடமோ பாடப்புத்தகமோ அல்ல. அவர்கள் எந்த மருத்துவமனையில் கை பழகினார்கள் என்பதுதான். ஆகவே கல்லூரியைத் தேடும்போது அதன் பின்னால் இருக்கும் மருத்துவமனையைத் தேடுங்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன, வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: எந்தப் படிப்பு என்று தெளிவாக முடிவு செய்யுங்கள்

'ரேடியாலஜி கோர்ஸ்' என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் குறைந்தது மூன்று தனித்தனிப் படிப்புகள் இருக்கின்றன. பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி என்பது எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனைக் கூடம்) என்று நோயைக் கண்டறியப் படம் எடுக்கும் வேலைக்கானது. பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் வேலைக்கானது. அதைப் படித்தவர் லீனியர் ஆக்சிலரேட்டர் போன்ற இயந்திரங்களில் வேலை பார்ப்பார். உடலுக்குள் கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி மூன்றாவது. பெட்-சி.டி., காமா கேமரா எல்லாம் அந்தப் பக்கம். கவுன்சிலிங் நாளில் பெயர் ஒன்றுபோல ஒலிக்கிறதே என்று குழம்பி ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றில் சேர்ந்துவிடக் கூடாது. மூன்றும் நல்ல படிப்புகளே. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிறகு தாவுவது எளிதல்ல.

இதற்குக் கீழே இரண்டு ஆண்டு டிப்ளமோ இருக்கிறது. டி.ஆர்.டி.டி. (டிப்ளமோ இன் ரேடியோ டயக்னாசிஸ் டெக்னாலஜி) என்பார்கள். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய குடும்பச் சூழ்நிலை என்றால், அரசு மருத்துவக் கல்லூரியில் கிடைக்கும் டிப்ளமோவைத் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை. நோயாளிகளே வராத ஒரு தனியார் கல்லூரியில் நான்கு ஆண்டு செலவழித்து வாங்கும் பட்டத்தைவிட அது மேல் என்பது என் கருத்து. வெளிநாட்டு வேலை, முதுநிலைப் படிப்பு, ஆசிரியர் பணி ஆகியவை மனதில் இருந்தால் பட்டம்தான் வேண்டும்.

மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் (மருத்துவ இயற்பியலாளர்) ஆகும் ஆசையில் சிலர் இதில் சேர்கிறார்கள். அந்த வழி வேறு. அதற்குப் பொதுவாக பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

உங்களுக்கே ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள். இது கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை மட்டுமல்ல. இரவுப் பணி உண்டு. எழுந்து நிற்க முடியாதவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், ரத்தத்தையும் வாந்தியையும் பார்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போகப் பயந்து அழுபவரைப் பேசிச் சமாதானப்படுத்த வேண்டும். இயற்பியல் பிடிக்க வேண்டும், மனிதர்களோடு பழகவும் பிடிக்க வேண்டும். இரண்டும் உள்ளவருக்கு இதைப்போல மனநிறைவு தரும் வேலை குறைவு.

இரண்டாம் படி: பட்டம் செல்லுமா என்று பாருங்கள்

நீண்ட காலம் இந்தியாவில் இந்தத் துறைக்கென்று தேசிய அளவில் ஒரு சட்டபூர்வ அமைப்பு இல்லை. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கவுன்சில் இருந்தது, ரேடியோகிராபர்களுக்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் 'பாராமெடிக்கல் கவுன்சில்' என்று பெயர் வைத்துக்கொண்ட தனியார் அறக்கட்டளைகள் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தன. 2021-ல் தேசிய இணைமருத்துவ, சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் வந்தது. மருத்துவ ரேடியாலஜி, இமேஜிங், சிகிச்சைத் தொழில்நுட்பம் அதன் கீழ் வருகிற தொழில்களில் ஒன்று. தகுதி பெற்றவர்களுக்கு மத்தியிலும் மாநிலத்திலும் பதிவேடு வைக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. 2025-ல் இந்தப் படிப்புக்கு நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தையும் ஆணையம் வெளியிட்டது.

நீங்கள் பார்க்கும் கல்லூரியிடம் நேராகக் கேளுங்கள்: பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? இந்த ஆண்டுக்கான இணைவு ஆணை (பல்கலைக்கழகம் கல்லூரிக்குத் தரும் அனுமதி) இருக்கிறதா? இந்தப் படிப்புக்கு எத்தனை இடம்? ஆணையத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறீர்களா? 'எங்கள் கல்லூரி அங்கீகாரம் பெற்றது' என்ற பொதுப் பதில் போதாது. செவிலியர் படிப்புக்கு அனுமதி வாங்கிய கல்லூரி, ரேடியாலஜிக்கு வாங்காமலே மாணவர்களைச் சேர்த்துவிடக்கூடும். படிப்பின் பெயர் இணைவு ஆணையில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளும் பல தனியார் கல்லூரிகளும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இணைவு பெற்ற கல்லூரிகளின் பட்டியலை அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரிலேயே பட்டம் தருகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரே புதிதாக இருந்தால், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிடும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை ஒரு முறை திறந்து பாருங்கள்.

தபால் வழி, ஆன்லைன் வழி ரேடியாலஜி பட்டம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2021 சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025 கல்வியாண்டிலிருந்து நிறுத்திவிட்டது. நிறுத்தாவிட்டாலும், நோயாளியைத் தொடாமல் படிக்கிற படிப்பல்ல இது.

மூன்றாம் படி: சேர்க்கை வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசு இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்துகிறது. 'பாராமெடிக்கல் டிகிரி' என்ற பெயரில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். எல்லாம் சேர்ந்து ஒரே விண்ணப்பமாக வரும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது தாவரவியல், விலங்கியல் படித்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். இதுவரை பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசையில்தான் இடம் கிடைத்துவந்திருக்கிறது. விதிகள் மாறக்கூடிய காலம் இது என்பதால், அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அண்ணன் போன ஆண்டு சேர்ந்தபோது இப்படி இருந்தது என்பதை நம்பி இருக்காதீர்கள்.

இந்த ஒரு வழியோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். வேலூர் சி.எம்.சி. தனி விண்ணப்பம், தனித் தேர்வு முறை வைத்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் தனி. டெல்லி எய்ம்ஸ் தன் பாராமெடிக்கல் படிப்புகளுக்குத் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. இவற்றின் தேதிகள் பல நேரம் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே வந்து போய்விடும். ஆர்வம் இருந்தால் ஜனவரி மாதத்திலிருந்தே அவர்களுடைய இணையதளங்களைக் கவனித்து வாருங்கள்.

கவுன்சிலிங்கில் விருப்ப வரிசை போடும்போது வீட்டுக்கு அருகில் என்பதை மட்டும் முதல் காரணமாக வைக்காதீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-லிருந்து இயங்குகிறது. அங்கு வருகிற நோயாளிகளின் எண்ணிக்கையும் நோய்களின் வகையும் ஒரு புதிய தனியார் கல்லூரியில் கிடைக்காது. மதுரை, கோவை, திருநெல்வேலி போன்ற பழைய அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். விடுதி வசதி சுமாராக இருக்கலாம், சுவரில் வண்ணம் உரிந்திருக்கலாம். கை நன்றாகப் பழகும்.

நான்காம் படி: மருத்துவமனையை நேரில் போய்ப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலானோர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். பெற்றோர் கல்லூரி முதல்வர் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு, பணம் கட்டித் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு வேலைநாள் காலையில், பத்து மணி அளவில், அந்த மருத்துவமனையின் ரேடியாலஜி பிரிவுக்கு வெளியே அரை மணி நேரம் உட்காருங்கள். நோயாளிகள் வரிசையில் காத்திருக்கிறார்களா? ஸ்ட்ரெச்சரில் வருகிறார்களா? குழந்தைகள், வயதானவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள் என்று பல விதமானவர்கள் வருகிறார்களா? காலியான நாற்காலிகள்தான் இருக்கின்றன என்றால் அங்கே நான்கு ஆண்டில் என்ன கற்க முடியும் என்று யோசியுங்கள்.

அடுத்து, இயந்திரங்களைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை எக்ஸ்ரே அறைகள்? டிஜிட்டல் ரேடியோகிராபி வந்துவிட்டதா, இன்னும் கேசட் வைத்து எடுக்கும் சி.ஆர். முறைதானா? சி.டி. எத்தனை ஸ்லைஸ் (ஒரு சுற்றில் எடுக்கும் குறுக்குவெட்டுப் படங்கள்)? எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா? மேமோகிராம், பேரியம் பரிசோதனைக்கு ஃப்ளூரோஸ்கோபி (நேரலை எக்ஸ்ரே), ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே, கேத் லேப் அல்லது ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் டி.எஸ்.ஏ. உண்டா? படங்களைச் சேமித்துப் பார்க்கும் பேக்ஸ் வசதி இருக்கிறதா? 3 டெஸ்லா இல்லை என்பதற்காக ஒரு கல்லூரியை ஒதுக்க வேண்டியதில்லை. நாளுக்கு நூற்றுக்கணக்கில் எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் பொசிஷனிங் (நோயாளியைச் சரியான நிலையில் வைப்பது) நன்றாகப் படிந்துவிட்டால், மற்ற இயந்திரங்களைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். அடிப்படை எக்ஸ்ரேயில் தடுமாறுபவருக்கு எந்த டெஸ்லாவும் உதவாது.

இயந்திரம் இருக்கிறது என்பதைவிட முக்கியமான கேள்வி, அது யாருடையது என்பது. பல தனியார் மருத்துவமனைகளில் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் வெளி நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தில் நடத்துவதாக இருக்கும். பெயர்ப்பலகை மருத்துவமனையுடையது, உள்ளே இருப்பவர்கள் வேறு. அவர்களுக்கு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கடமை இல்லை. மாணவர் கன்சோலைத் தொட்டால் கோபப்படுவார்கள். அரசு மருத்துவமனைகளிலும் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்கள் பலவற்றைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் நடத்துகிறது. அங்கே மாணவர்களுக்கு எந்த ஆண்டிலிருந்து போஸ்டிங், எத்தனை வாரம் என்று மூத்த மாணவர்களிடம் விசாரியுங்கள்.

மூத்த மாணவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரி அலுவலகம் காட்டும் மாணவர்களிடம் பேசுவதில் பயனில்லை. டீக்கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ மூன்றாம் ஆண்டு படிப்பவர் ஒருவரைப் பார்த்து மரியாதையாகக் கேளுங்கள். "அண்ணா, நீங்களே தனியா எத்தனை செஸ்ட் எக்ஸ்ரே எடுத்திருப்பீங்க? சி.டி. கன்சோல்ல உட்கார விடுறாங்களா? கான்ட்ராஸ்ட் மருந்து போடும்போது கூட நிக்க விடுறாங்களா?" அவர் பதில் சொல்லத் தயங்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் இத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு சி.டி. இருக்கும் இடத்தில் ஆண்டுக்கு 60 பேரைச் சேர்த்தால், எல்லா ஆண்டு மாணவர்களும் முறை வைத்து வந்தாலும் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. சிறிய வகுப்பு, பெரிய மருத்துவமனை என்பதே நல்ல சேர்க்கை.

அல்ட்ராசவுண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. 'எங்களிடம் படித்தால் தனியாக ஸ்கேன் சென்டர் வைக்கலாம்' என்று சில இடங்களில் ஆசை காட்டுவார்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தை வாங்கவும் வைத்திருக்கவும் பதிவு வேண்டும். ஸ்கேன் பார்ப்பது தகுதி பெற்ற மருத்துவரின் வேலை. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நீங்களாக அதைச் செய்ய முடியாது. பாடத்தில் அல்ட்ராசவுண்ட் இருக்கும், அதன் இயற்பியலைப் படிப்பீர்கள், அவ்வளவுதான். இதை மறைத்துப் பேசும் கல்லூரி வேறு எதையெல்லாம் மறைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கதிர்வீச்சுப் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள்

மாணவர் பதினேழு, பதினெட்டு வயதில் இந்த அறைக்குள் நுழைகிறார். அதனால் பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டிய பகுதி இது. இந்தியாவில் எக்ஸ்ரே, சி.டி. இயந்திரங்களை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். இ-லோரா என்ற அதன் இணையவழி முறையில் மருத்துவமனை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக நடத்தும் இடத்தில் அதை எடுத்துக் காட்டுவார்கள்.

கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது என்பது வாரியத்தின் வரம்பு. 16-லிருந்து 18 வயதுக்குள் இருக்கும் பயிற்சி மாணவருக்கு ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட் மட்டும். முறையாக வேலை செய்யும் இடத்தில் உண்மையில் வாங்கும் அளவு இந்த வரம்புகளைவிட மிகவும் குறைவாகவே இருக்கும். ஆகவே 'ரேடியேஷன் வேலை, பிள்ளைக்கு ஆகாது', அதிலும் 'பெண் பிள்ளைக்கு வேண்டாம்' என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டுப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. மேமோகிராம் போன்ற பரிசோதனைகளில் பெண் டெக்னாலஜிஸ்ட்தான் வேண்டும் என்று நோயாளிகளே கேட்கிறார்கள். பயப்பட வேண்டியது முறையில்லாமல் நடக்கும் இடங்களைப் பார்த்துத்தான்.

வாங்கும் அளவை அளந்து பதிவு செய்ய டி.எல்.டி. பேட்ஜ் என்ற சிறிய அட்டை உண்டு. சட்டையில் குத்திக்கொள்வார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகத்துக்குப் போய் அளவு தெரிந்து வரும். மாணவர்களுக்கும் பேட்ஜ் தருகிறீர்களா, எந்த ஆண்டிலிருந்து, அறிக்கையை மாணவருக்குக் காட்டுகிறீர்களா என்று கேளுங்கள். கதிர்வீச்சைத் தடுக்கும் லெட் (ஈய) ஏப்ரன்கள் ஸ்டாண்டில் தொங்குகின்றனவா, மடித்து மூலையில் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மடித்தால் உள்ளே விரிசல் விழும். அதை அறிந்த பிரிவில் மடிக்க மாட்டார்கள்.

அசையும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள மாணவரை உள்ளே நிறுத்தி எக்ஸ்ரே எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது தவறு. தவிர்க்க முடியாதபோது பிடிக்க வேண்டியது நோயாளியோடு வந்தவர், அதுவும் ஏப்ரன் அணிந்து. மூத்த மாணவர்களிடம் இதைக் குறிப்பாக விசாரியுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் ஆபத்து வேறு விதம். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனவர் இறந்துபோனார். காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். மாணவர்களை முதல் முறை அந்தப் பக்கம் அனுப்புவதற்கு முன்னால் என்ன பயிற்சி தருகிறீர்கள் என்று கேட்டால், தெளிவான பதில் வர வேண்டும்.

ஆறாம் படி: யார் கற்றுக்கொடுக்கிறார்கள், இன்டர்ன்ஷிப் எங்கே

முதல் ஆண்டின் உடற்கூறியல், உடலியல் பாடங்களை மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் எடுத்தால் நல்லது. பொசிஷனிங்கையும் இயந்திர இயக்கத்தையும் கற்றுத்தர, ரேடியோகிராபியில் முதுநிலைப் பட்டமோ நீண்ட அனுபவமோ உள்ள டெக்னாலஜிஸ்ட் முழுநேர ஆசிரியராக வேண்டும். கதிரியக்க மருத்துவர் படத்தைப் படிப்பதில் வல்லவர். படம் எடுக்கும் நுட்பம் டெக்னாலஜிஸ்டுடையது. இரண்டு பேரும் இருக்கும் பிரிவில் படிப்பவர் கொடுத்துவைத்தவர்.

இன்டர்ன்ஷிப் ஓர் ஆண்டு. அது சொந்த மருத்துவமனையிலா, வெளியே அனுப்புவார்களா, உதவித்தொகை உண்டா, எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் இன்டர்ன்களை ஊதியமில்லாத ஆளாக ஏதோ ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் ஒரே எக்ஸ்ரே இயந்திரம், மேற்பார்வைக்கு ஆள் இல்லை, இரவு முழுக்கத் தனியாக. அது பயிற்சி அல்ல. எல்லாப் பிரிவுகளிலும் சுழற்சி முறையில் போஸ்டிங், ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்ட லாக் புக் (செய்த வேலைகளின் பதிவேடு) என்று இருக்க வேண்டும்.

ஏழாம் படி: செலவையும் வேலையையும் பாருங்கள்

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், நான்கு ஆண்டுக்கான எல்லாச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள். பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, சீருடை, பேருந்து, இன்டர்ன்ஷிப் ஆண்டிலும் கட்டணம் வாங்குகிறார்களா என்பது வரை. ஆரம்பச் சம்பளம் தனியார் ஸ்கேன் சென்டர்களில் அடக்கமாகத்தான் இருக்கும். ஆகவே பெரிய கடன் வாங்கி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன், அந்தக் கடனை எந்தச் சம்பளத்தில் அடைப்போம் என்று குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

அரசு வேலை குறிக்கோள் என்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ரேடியோகிராபர் பணிக்கு முன்பு வெளியிட்ட அறிவிப்புகளை எடுத்துப் படியுங்கள். எந்தப் படிப்பை ஏற்கிறார்கள் என்று அதில் இருக்கும். நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயர் அதோடு பொருந்த வேண்டும். பி.வோக். (தொழிற்கல்விப் பட்டம்) போன்ற வேறு பெயர்களில் வரும் படிப்புகளில் இந்தச் சிக்கல் அதிகம்.

வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்களின் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் நேராகப் பல்கலைக்கழகத்திடமே சரிபார்க்கும். அனுபவச் சான்றிதழும் அப்படித்தான். பிரிட்டனில் வேலை செய்ய, அங்குள்ள சுகாதாரத் தொழிலர் கவுன்சிலான எச்.சி.பி.சி.யில் பதிவு வேண்டும். அங்கே பாடத்திட்டத்தையும் பயிற்சி நேரத்தையும் விவரமாகக் கேட்பார்கள். லாக் புக்கையும் பாடத்திட்ட நகலையும் பத்திரமாக வைத்திருப்பவருக்கு இந்த வேலை எளிதாகும்.

எட்டாம் படி: பணம் கட்டும் நாள்

இடைத்தரகர் மூலம் சேராதீர்கள். 'கடைசி இரண்டு சீட்தான் இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க' என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, ரசீதில் படிப்பின் முழுப் பெயர் இருக்க வேண்டும்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. அசலைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், விலகும் மாணவருக்குக் கட்டணத்தை எப்படித் திருப்பித் தர வேண்டும் என்றும் யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. கவுன்சிலிங்கின் அடுத்த சுற்றில் அரசுக் கல்லூரி கிடைத்தால் மாறிக்கொள்ள அந்த அசல் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.